பங்களாப் பால்

எங்கள் தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர்கள் பால் குடித்து நான் பார்த்ததில்லை. கறப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். விடியுமுன் கறந்து, போத்தலில் ஊற்றி, வாழைச் சருகைச் சுருட்டி அடைத்து, வீட்டைவிட்டு அனுப்பிய பிறகுதான் அடுப்பில் தேத்தண்ணிக்கு உலை வைப்பார்கள். அந்தத் தேத்தண்ணியில் பால் இருக்காது. உள்ளங்கையில் துளி சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே வெறும் சாயத்தைக் குடித்துவிட்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுவார்கள். பால் என்பது வீட்டைவிட்டுப் போகிற பொருள். அது நாங்கள் குடியிருந்த லயத்தில் தங்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறினால் வருகிற கல்லுமலைத் தோட்டம் எங்களுடையது. சிங்களத்தில் அதற்கு வேறு பெயர், துரைமார் கடுதாசியில் இன்னொரு பெயர். தோட்டத்துச் சட்டப்படி லயத்தில் மாடு வளர்க்கக் கூடாது. வழக்கப்படி வளர்க்கலாம். இந்தச் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் நடுவில் நின்றது ஒரு போத்தல் பால். கறவை மாடு உள்ள வீடு காலைதோறும் ஒரு போத்தல் பாலைத் துரை பங்களாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்குத் தேயிலை நிரைகளிலும் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரங்களிலும் புல் அறுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைத் துரை கப்பலேறிப் போய், சிங்களத் துரை வந்து பங்களாவுக்குப் புதுச் சாயம் அடித்த பிறகும் பால் மட்டும் நிற்காமல் மலை ஏறிக்கொண்டிருந்தது.

நான் சொல்லப்போவது எழுபத்துநாலாம் வருடத்துக் கதை. அந்த வருடத்தைத் தோட்டத்தில் பிறந்த எவரும் மறக்க மாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் வேலைக்குப் பேர் போட்டார்கள். கூப்பன் மாவு குறைந்தது, பேக்கரியில் பாண் கண்ணில் படவில்லை. மரவள்ளியும் ஈரப்பலாக்காயும் இல்லாதிருந்தால் பாதி லயத்தில் விளக்கேற்ற ஆள் இருந்திருக்காது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் முன்பெல்லாம் பால்மா கரைத்துக் கொடுப்பார்கள். அந்த வருடம் டின்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆயா குழந்தைகளைத் தட்டித் தூங்கப் போட்டாள். மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மாட்டை விற்றுத் தின்றுவிட்டார்கள். மிச்சம் நின்றது லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் வீட்டு இராஜத்தின் செவலை மட்டும்தான்.

செவலை சின்ன மாடு. நம் ஊர் மாடு எவ்வளவு கறக்கும்? நல்லபடி மேய்ந்தால் இரண்டு போத்தல் தேறும். ஒன்று பங்களாவுக்கு. மற்றது பஜாரில் சாலியின் தேத்தண்ணிக் கடைக்கு. சாலி அதற்கு மாவும் கொஞ்சம் சீனியும் கட்டிக் கொடுப்பார். அந்த மாவில் சுட்ட ரொட்டிதான் இராஜம் வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அடையாளம். ஆகவே கடைப் பாலில் கை வைக்க முடியாது, வைத்தால் எல்லோரும் பட்டினி. பங்களாப் பாலிலும் கை வைக்க முடியாது, வைத்தால் மாடு பட்டினி.

இதற்கு நடுவில்தான் மகள் சீதாதேவி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் மயில்வாகனம் தோட்டத்து வேலையை வெறுத்து வவுனியாப் பக்கம் காடு வெட்டப் போனவன், ஒரு தகவலும் இல்லை. பிறந்தது பெண். பிறந்தபோது நன்றாகத்தான் கத்தியது. வயிறு காய்ந்தவளுக்குப் பால் எங்கிருந்து சுரக்கும்? நாளாக ஆக சீதாதேவியின் மார்பு வற்றிப்போனது. குழந்தைக்கு அரிசிக் கஞ்சியின் தெளிவைச் சங்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். அரிசி தீர்ந்த நாளில் மாவுக் கஞ்சி. குழந்தையின் கை கால் சூம்பி, கத்தல் குறைந்து, முனகலாகிவிட்டது. பெயர் வைக்கக்கூட வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

இத்தனைக்கும் அந்தக் காம்பராவின் பின் கொட்டிலில் செவலை நின்று கறந்துகொண்டிருந்தது. இதை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பங்களாவுக்கு அளந்த பாலில் வாய் வைத்தால் மாட்டுக்கு மடி வீங்கும் என்று எங்கள் லயங்களில் ஒரு நம்பிக்கை இருந்தது. அப்படி வீங்கி ஒரு மாடும் செத்ததாக எனக்குத் தெரியாது. எந்தப் புண்ணியவான் அதைக் கிளப்பிவிட்டானோ, அவனுக்குத் துரை ஒரு வேட்டியாவது எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். பேத்தி முனக முனக, இராஜம் போத்தலின் கழுத்து வரை பாலை ஊற்றி அடைத்துக்கொண்டிருந்தாள்.

பங்களாவின் சமையல் அப்பு ஜுனைதீன் தினமும் பெரட்டுக் களத்து ஓரம் வந்து, வெறும் போத்தலைக் கொடுத்துவிட்டு நிறை போத்தலை வாங்கிப் போவார். பலாங்கொடைக்காரர், சாது, லயத்துக்கெல்லாம் அண்ணன் முறையில் நானா. ஆனி மாதத்து மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவர் வரவில்லை. இராஜம் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தானே பங்களாவுக்கு ஏறினாள்.

பின்பக்கத்துப் பூக்கொட்டிலில் ஜுனைதீன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அந்தூரியம் சாடிகள். பக்கத்தில் ஒரு பீங்கான் கோப்பை. அதில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு இலையாகப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இலைகள் எண்ணெய் பூசியதுபோல் மின்னின.

"என்னா நானா, கீழ வரல? மழைக்குப் பயந்துட்டீங்களோன்னு நானே வந்தேன்."

"மழயா? எனக்கு வேல தங்கச்சி. நோனா இந்தச் செடியெல்லாம் ரத்தினபுரியில கண்காட்சிக்கு அனுப்பப் போறா. எல மினுங்கோணுமாம்."

"அதுக்கு என்னாத்தப் போட்டுத் தொடைக்கிறீங்க?"

ஜுனைதீன் தலையைத் தூக்கவில்லை.

"பால்தான்."

"எந்தப் பாலு?"

"நீங்க தந்த பால்தானே தங்கச்சி. வேற பால் எங்க ஈக்கு இந்த மலையில?"

"அப்ப தொரையும் நோனாவும் குடிக்கிறதுக்கு?"

"அவங்க டின்பால்தான் குடிக்கிற. பசும்பால் வாட ஒத்துக்காதாம். விருந்தாளி வந்தா புட்டிங் அடிப்பேன். வராத நாள்ல இப்பிடி எலக்கி. மிச்சத்த ஊத்திப் போடுற."

சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி இராஜத்தின் காலடியில் தேங்கியது. காலையில் கேட்ட முனகல் அவள் காதுக்குள் அப்போதும் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் துரையின் மனைவியான நோனா மேல், பிறகு மடி வீங்கும் என்று சொன்னவர்கள் மேல், கடைசியில் அதை நம்பிய தன் மேல்.

"நானா, எம் பேத்திக்குக் குடுக்கப் பால் இல்ல. மகளுக்கு மாரு வத்திப்போச்சு. கஞ்சித் தெளிவுலதான் உசுரு நிக்குது."

"யா அல்லாஹ்! நீங்க ஒரு நாளும் சொல்லல்லயே தங்கச்சி!"

"என்னான்னு சொல்றது? பங்களாவுக்கு அளந்தது, தொடக் கூடாதுன்னு நாங்களாத்தானே கையக் கட்டிக்கிட்டு இருந்தோம்."

அவள் கொண்டுவந்த போத்தல் படியில் இருந்தது. குனிந்து அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நோனா கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"ராசம் திரும்பக் கொண்டு போயிட்டான்னு சொல்லுங்க. நீங்க பொய் சொல்லிப் பாவத்தத் தேடிக்க வேணாம். நாளைக்கும் வராது, நாளன்னைக்கும் வராதுன்னு சேத்துச் சொல்லிருங்க."

வீட்டுக்கு வந்ததும் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை சீனி போட்டுக் காய்ச்சினாள். சீதாதேவிக்குச் சங்கைப் பிடிக்கத் தெம்பில்லை. இராஜமே குழந்தையை மடியில் கிடத்திப் புகட்டினாள். முதல் சங்கைக் குழந்தை துப்பியது. இரண்டாவதை நாக்கால் தள்ளியது. மூன்றாவதில் தொண்டை அசைந்தது. அதன் பிறகு சங்கை எடுத்தால் கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டுப் பக்கத்துக் காம்பரா இருளாயி மாவுக் கையோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

தேயிலை பதப்படுத்துகிற இஸ்டோரில் இராவேலை முடிந்து இராஜத்தின் புருஷன் நாகலிங்கம் வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாகலிங்கம் நல்ல மனுஷன். பயந்த மனுஷன். துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே ஆள் இல்லாத பாதையிலும் தலைத்துண்டை எடுத்துவிடுவான். மனைவி சொன்னதைக் கேட்டு அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னா புள்ள செஞ்சிட்டு வந்திருக்க? நாளைக்குப் புல்லறுக்க விடுவானுங்களா?"

"விடாட்டிப் போகட்டும்."

"மடி வீங்கிச்சின்னா?"

"ஏங்க, இத்தன நாளா அந்தப் பாலு எலைக்குப் போயிருக்குது. எலையத் தொடைச்சப்போ வீங்காத மடி நம்ம புள்ள குடிச்சா மட்டும் வீங்கிருமா? நல்லா வாயில வருது எனக்கு."

"நான் நம்ம நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. அந்தா கெடக்குது பாருங்க, அதுக்கு எது நல்லதுன்னு அதையே கேளுங்க."

நாகலிங்கம் குழந்தையைப் பார்த்தான். வாயோரத்தில் பால் காய்ந்து வெள்ளையாக இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு பீலித் தண்ணீரில் குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை சண்முகநாதன் எல்லோருக்கும் வேலை பிரித்துவிட்டு இராஜத்தை மட்டும் நிறுத்தினார். ஐயா பேசும்போது குரலை உயர்த்த மாட்டார். பிள்ளையார் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். கழுத்தில் உருத்திராட்சம் கிடக்கும்.

"பங்களாப் பாலத் திருப்பிக் கொண்டு போயிட்டியாமே. தொரை மனசு ரொம்ப வருத்தப்பட்டிருக்காரு."

"எம் பேத்திக்குக் குடுக்கணுங்க ஐயா."

"குடு. யாரு வேணாங்கிறா? பங்களாவுக்குக் குடுத்துட்டு மிச்சத்தக் குடு."

"மிச்சந்தாங்க வயித்துக்கு மாவாகுது."

"அதெல்லாம் ஒன் வீட்டு வெவகாரம். வழக்கம்னு ஒண்ணு இருக்கு. சரி, ஒனக்குப் பாலு குடுக்க இஷ்டமில்ல, விட்டுரு. இன்னையிலருந்து இந்தத் தோட்டத்துல நீ ஒரு புல்லு அறுக்கக் கூடாது. தேயிலையில மொளைச்சாலும் கான்ல மொளைச்சாலும் புல்லு தோட்டத்துச் சொத்து. தொரை சொத்து. தொட்டியோ, திருட்டுன்னு எழுதிருவேன்."

"புல்லுகூடவா ஐயா சொத்து?"

"மண்ணு தொரையுது. மண்ணுல மொளைக்கிறது யாருது?"

இதை அவர் நூறு பேர் முன்னால் சொன்னார். சொன்னபோது தன் வாய்க்குத் தானே பூட்டு வாங்கிக் கொடுக்கிறோம் என்று ஐயாவுக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்கு இப்படித்தான், வாயில் வந்த வாக்கியம் அழகாக இருந்துவிட்டால் யோசிக்க மாட்டார்கள்.

அன்று மாலை தோட்டத்துக் காவல்கார வாச்சர் இராஜத்தின் தலையிலிருந்த புல்கட்டைப் பிடுங்கி ஆற்றில் தள்ளினான். மறுநாள் நாகலிங்கத்தை இஸ்டோரிலிருந்து எடுத்துக் கான் வெட்டப் போட்டார்கள். கூரைக்குக் கீழே கொழுந்து வாட்டிப் பழகிய உடம்பு மழையில் மண்வெட்டியோடு நின்றது. கானில் வளர்ந்திருந்த புல்லை வெட்டி ஓடையில் போடச் சொன்னார்கள். போட்டான். பச்சைப் பசேல் என்று தளதளத்த புல்லைத் தன் கையாலேயே தண்ணீரில் விட்டுவிட்டு, அந்தியில் வீட்டுக்கு வந்து, செவலை கழுத்தை நீட்டிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான்.

லயத்துக்காரர்கள் ஆளுக்கொரு வாழைத்தண்டு, மரவள்ளித் தோல் என்று கொண்டுவந்து போட்டார்கள். கீழே சிங்களக் கிராமத்து மெனிக்கா தன் பலாமரத்துக் கிளையை வளைத்து, "கெனியன்ன, கெனியன்ன" என்று இலையை ஒடித்துக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு போ என்று அவ்வளவு உரக்கச் சொன்னது வாச்சருக்கும் கேட்கட்டும் என்றுதான். ஆனாலும் பலா இலையில் மாடு உயிரோடு நிற்கும், கறக்காது. இரண்டு போத்தல் ஒன்றரையாகி, ஒன்றாகி, அதற்கும் கீழே இறங்கியது. இராஜம் பேத்திக்கு எடுத்துவைத்த பிறகு சாலி கடைக்குக் கொண்டுபோன போத்தலில் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். சாலி போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல நான் யாருக்கு டீ ஊத்துற?"

"இருக்கிறதத்தான் கொண்டாந்தேன் மொதலாளி."

சாலி மாவைக் கட்டிக் கொடுத்தார், வழக்கத்தில் பாதி. இராஜம் அதை வாங்கி முடிந்துகொண்டு மலை ஏறினாள். சீதாதேவிக்கு ஒரு ரொட்டி, நாகலிங்கத்துக்கு ஒன்று. தனக்குப் பசியில்லை என்றாள். பசியில்லை என்பது அந்த வருடம் எல்லா லயத்திலும் பெண்கள் சொன்ன சொல்.

"அம்மா, பேசாம அந்தப் பால அவங்களுக்கே குடுத்துரலாம்மா. மாடு செத்தா எல்லாமே போயிரும்" என்றாள் சீதாதேவி.

"குடுத்தா?"

"புல்லாச்சும் கெடைக்கும்."

"புல்லு கெடைச்சு, பாலு ஊறி, அது எலையத் தொடைக்கப் போயி, ஒம் மக மறுபடி கஞ்சித் தெளிவக் குடிக்கணும். நான் செத்தாலும் அந்தப் படிய ஏற மாட்டேன் சீதா. நீ புள்ளைய ஒழுங்காப் பாத்துக்க, செவலைய நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தது அடுத்த பெரட்டில்.

மழைக்குப் பின் வெயில் எட்டிப் பார்த்ததும் ஆறாம் நம்பர் மலையில் களை ஏறிவிட்டது. இராஜம், இருளாயி எல்லோரும் இருந்த பெண்கள் குழுவைப் புல்லு வெட்டுக்குப் பேர் போட்டார் கணக்கப்பிள்ளை. புல்லு வெட்டு என்பது பேச்சுக்குத்தான். நிரை நிரையாகக் குனிந்து எல்லாக் களையையும் கையால் பிடுங்கிச் சுத்தமாக்க வேண்டும். ஐயா ஆறாம் நம்பர் என்று சொல்லி வாய் மூடுமுன் இராஜம் இருளாயியைப் பார்த்தாள். இருளாயி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

மலையில் ஏறி நிரை பிடித்ததும் இராஜம் சொன்னாள்.

"இந்தாங்கடி, வல்லாரையப் புடுங்குங்க, தொட்டாச்சுருங்கியப் புடுங்குங்க, மத்த பூண்டையெல்லாம் வேரோட புடுங்குங்க. புல்லுல மட்டும் கை வைக்காதீங்க. அது தொரை சொத்து."

"ராசம் அக்கா, நெசமாவா சொல்றீங்க? அரைநாள் சம்பளந்தான்னு அரைப்பேரு போட்டுட்டா?"

"வேல செய்யாட்டித்தானே அரைப்பேரு? குனிஞ்ச முதுகு நிமிராம செய்வோம். எவன் குத்தம் சொல்லுவான்?"

"சொல்லட்டுமே" என்றாள் இருளாயி. "எம் மவனையும் பிள்ளைக் காம்பராவுல வெறும் வயித்தோட தட்டித்தான் தூங்க வைக்கிறாளுங்க. எனக்கும் சேத்துத்தான் இது."

அன்று அவர்கள் வேலை செய்ததுபோல் என்றும் செய்ததில்லை. ஒரு வல்லாரைக் கொடி மிச்சமில்லை. மத்தியானம் கணக்கப்பிள்ளை குடையோடு வந்து பார்த்தார். நிரைக்கு நடுவே வேறு ஒரு பூண்டும் இல்லாமல், தலை வாரிவிட்டதுபோல் புல் மட்டும் நின்றது.

"என்னடி இது?"

"களை எடுத்திருக்குதுங்க ஐயா" என்றாள் இராஜம்.

"புல்லு நிக்குதே!"

"அது தொரை சொத்துங்களே. தொட்டா திருட்டுன்னு எழுதுவேன்னீங்க. நூறு பேரு கேட்டாங்க."

"நான் ஒன்னையத்தான் சொன்னேன்."

"எனக்குச் சொத்துன்னா இவளுக்கும் சொத்துதானுங்களே? இருளாயிக்கு மட்டும் களையா மாறிருமா?"

இருளாயி பின்னாலிருந்து சத்தம் போட்டாள். "நாங்க கைநாட்டுங்க ஐயா. எது களை, எது சொத்துன்னு எங்களுக்கு வெளங்கல. தொரையே வந்து ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டட்டும்."

குழுவே சிரித்தது. ஐயாவின் குரல் அன்றுதான் முதல்முறை உயர்ந்தது. எல்லோருக்கும் அரைப்பேர் என்றார், வேலையை நிறுத்துவேன் என்றார். பெண்கள் கேட்டுக்கொண்டே மறு நிரைக்கு நகர்ந்தார்கள். அரைப்பேர் போடத்தான் போட்டார். அந்த வாரம் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒருத்தியாவது இராஜத்தைக் கண்டு முகத்தைத் திருப்பினாளா என்றால், இல்லை. ஏழாம் நம்பரிலும் அப்படியே செய்தார்கள்.

ஏழாம் நம்பர் வேலை முடிந்த மாலை நாகலிங்கம் கான் வெட்டிவிட்டுத் திரும்பினான். தோளில் மண்வெட்டி. தலையில் புல்கட்டு. குறுக்குப் பாதை இருந்தும் அவன் ஆபீஸ் வாசல் வழியாகவே நடந்தான். வாச்சர் மறித்தபோது நிற்கவில்லை.

"கானுல புல்லு இருக்கக் கூடாதுன்னாங்க. இப்ப இல்ல" என்று மட்டும் சொன்னான்.

வீட்டு வாசலில் கட்டை இறக்கிவிட்டு அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இராஜம் செவலைக்குப் புல்லை உதறிப் போட்டுவிட்டு வந்து, புருஷனுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். "பயமா இருந்திச்சா?" என்று கேட்டாள். "ரொம்ப" என்றான் நாகலிங்கம். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. களைப்பூண்டு போன இடத்திலெல்லாம் புல் தாராளமாகப் பரவித் தேயிலைக்கு மேலே தலை நீட்டியது. புல்லோடு அட்டை வந்தது. கொழுந்து எடுக்கப் போனவர்கள் கால்களில் இரத்தம் வழிய இறங்கி வந்து, ஆறிலும் ஏழிலும் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. இஸ்டோரில் மெஷின் பாதி நாள் சும்மா கிடந்தது. அப்போதுதான் துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆறாம் நம்பருக்கு வந்தார். இளம் துரை. முழங்கால் வரை பூட்ஸ், கையில் பிரம்பு. புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நின்றார். பெண்கள் வரிசையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை குடை பிடித்தார்.

"யார் ராஜம்?" துரைக்குத் தமிழ் அரைகுறை.

"நான்தாங்க."

"ஏன் புல் வெட்டு இல்லே?"

"ஒங்க சொத்துங்க தொரை."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். எங்கள் பெண்களுக்குச் சிங்களம் தெரியாது என்று அவர் எப்படி நினைத்தாரோ. புல் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை, இந்தப் பொம்பிளை திமிர் பிடித்தவள் என்றார். இராஜம் சிங்களத்திலேயே முழுக் கதையையும் சொன்னாள். பால், பேத்தி, அந்தூரியம் இலை, பெரட்டில் ஐயா சொன்ன சொத்துக் கணக்கு, ஒன்றையும் விடவில்லை. அந்தூரியம் என்றபோது துரையின் காது சிவந்தது. பிரம்பால் பூட்ஸைத் தட்டிக்கொண்டார்.

"இந்த புல் எல்லாம் வெட்டு. இன்னிக்கு."

"வெட்டி எங்கங்க போடுறது?"

"எங்கேயும் போடு!"

"ஒங்க சொத்த நாங்க எங்கயும் போட முடியுங்களா? போட்ட எடத்துல காணாமப் போனா யாரு பொறுப்பு?"

"மாட்டுக்குப் போடு! கொண்டு போ! எல்லாம் கொண்டு போ!" துரை கத்தினார்.

"ஐயா காதுலயும் விழுந்திருச்சுங்களா?" என்றாள் இருளாயி.

கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. துரையின் பக்கம் சாய்ந்து, அப்படியானால் பங்களாப் பால் என்ன ஆவது என்று நினைவூட்டினார். துரை இராஜத்தைப் பார்த்தார்.

"பால்?"

ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் போதும். புல்லும் கிடைக்கும், நாகலிங்கம் இஸ்டோருக்கும் திரும்பிவிடுவான், எல்லோருக்கும் முழுப்பேர் விழும். இராஜத்துக்கு அது தெரியாமலில்லை. பக்கத்தில் நின்ற பெண்களை ஒரு தடவை பார்த்தாள். இருளாயி தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"பால் இல்லீங்க தொரை" என்றாள் இராஜம். "புல்லு ஒங்களது, வெட்டுறோம். நீங்க கொண்டு போகச் சொன்னீங்க, கொண்டு போறோம். மாடு என்னோடதுங்க. அதோட பாலுக்கு எங்க வீட்டுல வாய் இருக்குது. எலையத் தொடைக்கத் தண்ணி போதுங்க."

துரை ஜீப்பில் ஏறினார். கணக்கப்பிள்ளை பின்னாலேயே ஓடினார், குடை ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம்.

அன்று மாலை ஆறாம் நம்பர் மலையிலிருந்து தொங்கல் வீட்டுக்குப் புல் வந்து சேர்ந்ததைப் பார்க்க வேண்டும். குழுவில் இருந்த ஒவ்வொருத்தியும் தலையில் ஒரு கட்டு. கொட்டில் நிறைந்து, முன்தாழ்வாரமான இஸ்தோப்பு நிறைந்து, வாசலிலும் குவித்தார்கள். செவலைக்கு எங்கே வாய் வைப்பது என்று தெரியவில்லை. அரைப்பேர் அரைப்பேராகவே போனது. நாகலிங்கம் தோட்டத்தில் இருந்த கடைசி நாள்வரை கான்தான் வெட்டினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நல்ல புல்லுக்கு மாடு மறுபடி சுரந்தது. இரண்டு போத்தலுக்கும் மேலே போயிற்று. சாலி முழு மாவைக் கட்டினார். சீதாதேவியும் ஒரு வாய் குடித்தாள். குழந்தையின் கன்னம் மெல்ல மெல்ல உப்பி வந்தது. இரவில் அது கத்துகிற கத்தலில் லயத்தில் ஒருவரும் தூங்கவில்லை, ஒருவரும் குறை சொல்லவுமில்லை.

ஆடிவெள்ளி அன்று காலை ஜுனைதீன் நானா லயத்துக்கே இறங்கி வந்தார். கையில் வெறும் போத்தல். இராஜம் கொட்டிலில் கறந்துகொண்டிருந்தாள். இருளாயியும் குழுப் பெண்களும் வாசலில் இருந்தார்கள்.

"தங்கச்சி, கோவிக்க வாணாம். கொழும்பால விருந்தாளி வாறாங்களாம். அரைப் போத்தல் தந்தாலும் போதும்னு நோனா கேக்கச் சொன்னா. எனக்குக் கேக்கவே வெக்கமா ஈக்கு."

"ஒங்களுக்கு என்னா வெக்கம்? உக்காருங்க நானா."

பலகையைத் தள்ளிப் போட்டாள். பேத்தியின் பங்கை எடுத்து மூடி வைத்தாள். கடைப் போத்தலை நிரப்பி அடைத்தாள். மிஞ்சிய பாலை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாயத்தில் ஊற்றினாள். கறுப்பாகக் கிடந்த தேத்தண்ணி நிறம் மாறியதைப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சிரட்டை, தகரக் கோப்பை என்று கிடைத்ததிலெல்லாம் ஊற்றி ஆளுக்கொரு மிடறு கொடுத்தாள். வீட்டில் ஒரே ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. அதை நிறைய ஊற்றி ஜுனைதீன் நானாவிடம் நீட்டினாள்.

"இந்தப் பாலச் சொமந்து சொமந்து ஒங்க காலு தேஞ்சுபோச்சு. ஒரு நாளாச்சும் குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல தங்கச்சி."

"நானும் இல்ல. குடிங்க."

அவர் ஊதி ஊதிக் குடித்தார். இராஜம் அடுப்படியில் குந்தி, சட்டியில் ஒட்டியிருந்ததைத் தனக்கு ஊற்றிக்கொண்டாள். ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு.

"நோனாக்கு என்னத்தச் சொல்ற?" என்று கேட்டார் ஜுனைதீன், கோப்பையை வைத்துவிட்டு.

"பால் இருந்துச்சு, நாங்க குடிச்சிட்டோம்னு சொல்லுங்க."

நானா போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே குழந்தை அடுத்த சங்குக்குக் கத்தத் தொடங்கியது. வெறும் போத்தல் பங்களாவுக்கு மலை ஏறியது.